கூட்டிப் போட்ட பன்னிரண்டு கிலோ

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி மடிப்பது போர்டுக்காரரின் வேலை. கல்யாணமான முதல் வாரத்திலேயே அது முடிவாகிவிட்டது. அவர் மனைவிக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் உத்தியோகம். நாளொன்றுக்கு எழுநூறு படுக்கைவிரிப்புகள் அவள் கைவழியாகப் போகும். "வீட்டுக்கு வந்தும் மடிச்சேன்னு வச்சுக்கோங்க, ஒருநாள் உங்களையும் நாலா மடிச்சு அலமாரியில வச்சிருவேன்" என்று அன்றைக்குச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே கூடையை வாங்கினார். இருபத்தாறு வருஷம் ஆகியும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் கால்சட்டை ஒன்றை உதறியபோது இடுப்பின் இரண்டு பக்கமும் கையால் தையல் பிடித்திருப்பதைப் பார்த்தார். சலவைக்கூடத்து வெந்நீரில் துணி தொளதொளத்துப் போயிருக்கும் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி. மடித்து மற்றவற்றின் மேல் வைத்தார்.

போர்டுக்காரர் என்றால் பெயர்ப்பலகை எழுதுகிறவரோ பள்ளிக்கூடத்துக்குக் கரும்பலகை செய்கிறவரோ இல்லை. ஏரியில் நின்றுகொண்டே துடுப்புப் போட்டுப் போவார்களே, அந்தப் பேடில் போர்டு செய்கிறவர். ஆதியில் கதவு ஜன்னல் வேலைதான். ஏரிக்கரைப் படகுத்துறையின் கதவைச் சரிசெய்யப் போன இடத்தில், மூக்கு உடைந்த பலகை ஒன்றைக் காட்டி "இதை ஒட்டித் தர முடியுமா?" என்றார்கள். ஒட்டிக் கொடுத்தார். அடுத்த மாதம் மூன்று வந்தது. பிறகு அவரே நுரைக்கட்டையை வாங்கி, அரத்தாலும் உப்புத்தாளாலும் உருவாக்கி, கண்ணாடி இழை போர்த்தி, ரெசின் பூசிப் பலகை போட ஆரம்பித்தார். வீட்டுக்குப் பின்னாலேயே கொட்டகை. கதவு வேலையில் கிடைக்காத ஒரு பெயர் அதில் கிடைத்தது. பருத்த உடம்புக்காரர்கள் பந்தயத்துக்குப் பலகை வேண்டுமென்றால் நேராக அவரிடம்தான் வருவார்கள்.

பந்தயப் பலகையின் நீளம் எல்லோருக்கும் பதினாலடிதான். அகலமும் தடிமனும்தான் ஆளுக்கு ஆள் மாறும். உடம்புக்குச் சின்னதாகப் போட்டால் நடு வயிறு தண்ணீரில் அமிழ்ந்து, மூக்கும் வாலும் மேலே தூக்கிக்கொள்ளும். துடுப்புப் போடுகிறவர் தண்ணீரை உழுதுகொண்டே போக வேண்டியதுதான். பெரிதாகப் போட்டால் பலகை தண்ணீரின் மேல் தக்கையாக நிற்கும். சும்மா நின்றால் சுகமாக இருக்கும், காற்று அடித்தால் அடித்த பக்கமே போகும். கிலோவுக்கு மூன்று லிட்டர் மிதப்பு என்பது அவர் கைக்கணக்கு. அந்தக் கணக்கில் சிக்கல் ஒன்றுதான். யாரும் உண்மையான எடையைச் சொல்வதில்லை.

பேக்கரிக்காரர் வந்த கதை அந்தத் தெருவில் பிரசித்தம். கதவில் பக்கவாட்டாகத் திரும்பித்தான் உள்ளே நுழைந்தார்.

"எவ்வளவு சார் வெயிட்?"

"நூறு... நூத்தி ரெண்டுன்னு வச்சுக்கோங்களேன்."

"வச்சுக்கிட்டேன்" என்றார் போர்டுக்காரர். ஆள் போனதும் நுரைக்கட்டையில் பென்சிலால் 112 என்று எழுதினார். பத்து நாள் கழித்துப் பலகை எப்படி வருகிறது என்று பார்க்க வந்த பேக்கரிக்காரர் கண்ணில் அது பட்டுவிட்டது.

"என்னங்க இது, நூத்திப் பன்னெண்டு?"

"மாடல் நம்பர் சார்."

பேக்கரிக்காரர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அந்த வருஷம் பந்தயத்தில் எட்டாவதாகவும் வந்தார். வருகிறவர் சொல்வதில் பத்தைக் கூட்டிக்கொள், வாயைத் திறக்காதே: இதுதான் போர்டுக்காரரின் தொழில் ரகசியம். கொட்டகையில் அவர் தராசு வைத்ததே இல்லை. எல்லோருக்கும் பத்து, மனைவிக்கு மட்டும் பன்னிரண்டு.

அந்தப் பன்னிரண்டுக்கு ஒரு வரலாறு உண்டு. எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரே மகன் மேல்படிப்புக்கு வெளியூர் போய் வீடு சத்தமில்லாமல் ஆனபோது, அவள் ஒருநாள் விளையாட்டாக ஏரியில் இறங்கினாள். உயரமும் அகலமுமான உடம்பு. தோள் இரண்டும் ஈரத்துணி தூக்கித் தூக்கி உரமேறியவை. முதல் தடவையே விழாமல் நின்றாள். "எனக்கும் ஒண்ணு போடுங்க" என்றாள். எடை கேட்டதற்குத் தரையைப் பார்த்துக்கொண்டு "தொண்ணூத்தி அஞ்சு" என்றாள். அவர் அப்படியே நம்பிப் போட்டார். முதல் பந்தயத்தில் கணுக்கால் வரை தண்ணீர் ஏற, கடைசி ஆளாகக் கரைக்கு வந்தாள். "போர்டு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ஓட்டத் தெரியல" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது ஏரித் தண்ணீரா வேறு தண்ணீரா என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் அவர் பலகையைத் தனியே எடுத்துக்கொண்டு போய், ஆழமில்லாத இடத்தில் போட்டு, அதே அளவு அமிழும் வரைக்கும் மணல் பைகளை ஒவ்வொன்றாக ஏற்றினார். நூற்றியேழு கிலோவில் வந்து நின்றது. மணலைக் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது பலகைக்கும் அவள் தொண்ணூற்றைந்து என்றாள், மூன்றாவதற்கும் தொண்ணூற்றைந்து என்றாள். இரண்டையும் அவர் நூற்றியேழுக்குப் போட்டார். அவள் மளமளவென்று முன்னுக்கு வந்தாள். ஏரிக்கரைத் துடுப்பு மன்றத்தில் அவளுக்குக் 'கப்பல்' என்று பட்டப்பெயர் விழுந்தது. அவளும் அதைத் தட்டிவிடாமல் வைத்துக்கொண்டாள். "பாத்தீங்களா, எல்லாம் பழக்கம்தான்" என்று அவரிடம் பெருமை அடித்துக்கொள்வாள். "பின்னே?" என்பார் அவர்.

பெருமைக்குக் குறுக்கே ஒரே ஒரு படி நின்றது. நாற்பதைத் தாண்டி ஐம்பதுக்குள் இருக்கும் பெண்களில் முதல் மூன்று பேர் மன்ற அணியில் சேர்ந்து பெரிய ஏரிப் பந்தயத்துக்குப் போவார்கள். கப்பல் நான்கு வருஷம் தொடர்ந்து நான்காவதாக வந்தாள். இந்த வருஷம் அந்த மூவரில் ஒருத்தி, தபாலாபீஸ்காரி, மாற்றலாகிப் போய்விட்டாள். ஒரு இடம் காலி. இவளுக்கு நாற்பத்தொன்பது. அடுத்த வருஷம் ஐம்பது. ஐம்பதுக்கு மேல் அணி கிடையாது, ஆளுக்கொரு சான்றிதழும் கைகுலுக்கலும்தான். இது கடைசித் தடவை என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக் காலண்டரில் பந்தயத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள், அதுவும் இரண்டு தடவை.

இதற்கு நடுவில்தான் அவள் அக்காவின் காரியம் நடந்துபோனது.

அவளை வளர்த்தது அக்காதான். கல்யாணம் கட்டாமல், தனியாகக் குடியிருந்து, பொத்தான் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்ந்தவர். போன வருஷம் படுத்தார். இவள் வேலை செய்யும் அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சலவைக்கூடம் நிலவறையில், அக்காவின் கட்டில் மூன்றாவது மாடியில். மதியம் சாப்பாட்டு நேரத்தில் இவள் மேலே ஏறிப் போய் அக்காவுக்கு ஊட்டிவிட்டு, மணி அடிக்கும்போது கீழே இறங்கி வருவாள். வேலை முடிந்ததும் மறுபடி மேலே. போர்டுக்காரருக்கு அந்த ஆறு மாதமும் கை ஓயவில்லை. படகுத்துறைக்காரர்கள் பன்னிரண்டு பலகை கேட்டிருந்தார்கள். நான்கு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, "எப்படி இருக்கீங்க அண்ணி?" என்று கேட்டார். அண்ணி "இருக்கேன்" என்றார். மழைக்காலம் முடிகிற சமயத்தில் அதுவும் இல்லாமல் போனது. இவள் நான்கு நாள் விடுப்பு எடுத்துவிட்டு ஐந்தாம் நாள் வேலைக்குப் போனாள். அழுதாளா என்றால், அவர் பார்க்க அழவில்லை.

வெயில் திரும்பியதும் மறுபடி ஏரியில் இறங்கினாள். பழைய பலகை ஏழு மாதமாகக் கொட்டகை ஓரம் மூடாமல் கிடந்ததில் விரிசல் விட்டிருந்தது. ஒருநாள் அதைத் தூக்கப் போன போர்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"அடேயப்பா! பத்துப் பன்னெண்டு கிலோ தண்ணி குடிச்சிருக்கு. இது இனி ஆகாது."

"அதான் இழுக்குதா? நான் எனக்குத்தான் தெம்பு இல்லைன்னு நெனச்சேன்" என்றாள் அவள்.

அத்தனை தண்ணீர் குடித்த பலகை, அவள் ஏறி நின்றபோது வழக்கமான அளவுக்குத்தான் அமிழ்ந்தது. கரையில் நின்று அதை அவரே பலமுறை பார்த்திருந்தார். பலகை கனத்திருக்கிறது, தண்ணீர்மட்டம் மாறவில்லை, அப்படியானால் மேலே நிற்பது குறைந்திருக்க வேண்டும். கொட்டகைக்கு வந்த மற்ற யாராக இருந்தாலும் அரை நிமிஷத்தில் போட்டிருக்கக்கூடிய கணக்கு. கட்டின மனைவிக்கு அவர் போட்டுப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் டீக்கோப்பையோடு கொட்டகைக்குள் வந்தாள். புதிய நுரைக்கட்டை மரக்கால்களின் மேல் படுத்திருந்தது. அவர் காதில் பென்சில்.

"ஏங்க, என் வெயிட் தொண்ணூத்தி ரெண்டு."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"நீங்க கேக்க மாட்டீங்கன்னுதான் நானே சொல்றேன். தொண்ணூத்தி ரெண்டு. சரியாத்தான் சொல்றேன்."

"சரி."

"எழுதிக்கோங்க."

"எழுதிக்கிறேன்மா. டீ ஆறுது."

அவள் வேறெதையோ சொல்ல வந்தவள் போல நுரைக்கட்டையைத் தடவிப் பார்த்தாள். விரல்களில் வெள்ளைத் தூள் ஒட்டியது. கையை உதறிவிட்டுப் போனாள். அவர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு குனிந்தார். வழக்கமாகத் தொண்ணூற்றைந்து என்பாள், வயசு ஏற ஏற இன்னும் மூன்று கிலோவைத் திருடுகிறாளே என்று வேடிக்கையாக இருந்தது. கூடப் பதினைந்து போடுவோமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது. பாவம், கொஞ்சம் இளைத்துத்தான் இருக்கட்டுமே என்று பெருந்தன்மையாகப் பன்னிரண்டோடு நிறுத்தினார். கட்டையில் 104 என்று எழுதினார்.

பலகை அழகாக வந்தது. அவர் போட்டதிலேயே அதுதான் நேர்த்தியானது என்று பேக்கரிக்காரரே வந்து பார்த்துவிட்டுச் சொன்னார். ரெசின் காய்ந்து பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் தண்ணீரில் இறங்கியது. காற்றே இல்லாத காலை. அவள் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, இறங்காமல் பலகையின் மேலேயே நின்றாள்.

"கொஞ்சம் உயரமா நிக்குதுங்க."

"பழசு தண்ணி குடிச்சுக் கிடந்துச்சு. அதுல நின்னு நின்னு இது உனக்கு உயரமாத் தெரியுது. போகப் போகச் சரியாயிரும்."

தொழில் தெரிந்தவர் சொல்கிறார். அவள் சரி என்று தலையாட்டினாள்.

பந்தயத்தன்று மன்றத்துக் கொட்டகையில் கூட்டம் நெரிந்தது. மன்றச் செயலாளர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"கப்பல் வந்தாச்சு! துறைமுகத்தை அகலப்படுத்துங்கப்பா!"

"துறைமுகம் கிடக்கட்டும், உங்க விசிலை முதல்ல சரியா ஊதுங்க. போன வருஷம் ஊதினது உங்க மூக்கா விசிலான்னு யாருக்கும் புரியல."

எல்லோரும் சிரித்தார்கள். போர்டுக்காரரும்தான் சிரித்தார். அந்த வருஷம் புதிதாக ஒரு விதி வந்திருந்தது. மீட்புப் படகுக்காரர்கள் எல்லோரையும் எடை பார்த்து, எடைக்குத் தகுந்த மிதவைச்சட்டை கொடுத்து, மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டை கட்டி அதில் எடையை எழுதினார்கள். வரிசையில் முன்னால் நின்ற டீச்சர், போன வருஷம் இவளை முந்தி மூன்றாவதாக வந்தவள், தராசைப் பார்த்ததும் பதறினாள். "செருப்பைக் கழட்டலாமா சார்? வாட்சையும்? கிளிப்பு இருக்கு, அது வேற."

போர்டுக்காரர் கொஞ்சம் தள்ளி நின்றார். மளிகைக்கடையில் தராசு இருக்கும் பக்கம்கூடப் போகாதவள் தன் மனைவி. இங்கே அவளுக்குச் சங்கடம் வேண்டாம் என்று வேறு பக்கம் பார்ப்பதுபோல் பாவனை செய்தார். அவளோ செருப்போடு ஏறினாள். நேராக, அலுங்காமல் நின்றாள், தினமும் ஏறிப் பழகியவள் மாதிரி. படகுக்காரர் எண்ணைப் படித்து, பட்டையில் எழுதி, கையில் கட்டிவிட்டார். அவள் கணவரிடம் வந்து துடுப்பை வாங்கக் கையை நீட்டினாள்.

பட்டையில் 91 என்று இருந்தது.

போர்டுக்காரர் துடுப்பைக் கொடுக்காமல் அதையே பார்த்தார். முதலில் தராசு பழுது என்று நினைத்தார். பிறகு அவள் கழுத்தெலும்பைப் பார்த்தார். நீட்டிய கையின் மணிக்கட்டைப் பார்த்தார். இடுப்பில் பிடித்த தையல் ஞாபகம் வந்தது. பெரிய உடம்பில் பதினாறு கிலோ குறைவது பெரிய வீட்டில் ஒரு அறையைப் பூட்டுவது மாதிரி. தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. உள்ளே குடியிருக்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நூற்றி நான்குக்குப் போட்ட பலகையில் தொண்ணூற்றொன்று ஏறப்போகிறது. பதிமூன்று கிலோ வெறும் மிதப்பு. ஏரியைப் பார்த்தார். அக்கரை மரங்களில் இலை அசைய ஆரம்பித்திருந்தது. போகும்போது ஒன்றுமில்லை, திரும்பி வரும்போது பக்கக் காற்று பிடிக்கும்.

வழி இல்லாமல் இல்லை. வண்டியில் பத்து லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு இருந்தன. ஒன்றை நிரப்பிக் காலுக்கு முன்னாலும், இன்னொன்றைக் கால்வாசி நிரப்பிப் பின்னாலும் கட்டினால் பலகை உட்கார்ந்துவிடும். குடிதண்ணீர் எடுத்துப் போக விதியில் தடையில்லை. கட்ட ஐந்து நிமிஷம் போதும். அரை மணி நேரம் இருந்தது. ஆனால் ஏன் என்று கேட்பாள். இந்தப் பலகையில் கூட்டிப் போட்டதைச் சொல்ல வேண்டும். ஏன் கூட்டினீர்கள் என்பாள். எட்டு வருஷத்தையும் சொல்ல வேண்டும். டீச்சரும் செயலாளரும் இரண்டடி தள்ளி நிற்கிறார்கள்.

"என்னங்க?" என்றாள் அவள். "என்னமோ மாதிரி பாக்கறீங்க?"

சொல் வாய் வரைக்கும் வந்தது.

"கால் கயிறை நல்லா இறுக்கிக் கட்டு" என்றார்.

"அதை நீங்க சொல்லித்தான் நான் கட்டணும்!" என்று சிரித்துவிட்டுத் தண்ணீரை நோக்கிப் போனாள்.

போகும்போது அவள் இரண்டாவது. அக்கரை மிதவையைச் சுற்றித் திரும்பும்போதும் இரண்டாவதுதான். கரையோரமாகவே ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்த போர்டுக்காரருக்கு, தான் பயந்தது வீண் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு காற்று எழுந்தது. மற்றவர்களின் பலகைகள் ஓரம் வரை தண்ணீரில் பதிந்து கிழித்துக்கொண்டு வந்தன. அவளுடையது மட்டும் மேலே நின்றது. காற்று அதன் பக்கத்தைப் பிடித்துத் தள்ளத் தள்ள, மூக்கு கரைப் பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது. அவள் ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டாள். வலப்பக்கம் பத்து, பன்னிரண்டு, பதினைந்து. ஒருமுறை இடப்பக்கம் மாற்றினாள், உடனே மூக்கு போய்விட்டது. மறுபடி வலப்பக்கம். அவள் தோளில் பலம் இருந்தது. அதில் பாதி பலகையை நேராக வைத்திருக்கவே செலவானது. முந்நூறு அடி பாக்கி இருக்கும்போது ஒருத்தி தாண்டினாள். கரை நெருங்கியபோது டீச்சர் தாண்டினாள். டீச்சருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பலகை நீளம்கூட இல்லை.

நான்காவது.

அவள் இறங்கிப் பலகையைக் கரைக்கு இழுத்தாள். டீச்சரின் கையைக் குலுக்கினாள். செயலாளர் கேலி பேச வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விசிலைத் துடைக்க ஆரம்பித்தார். வீடு வரைக்கும் வண்டியின் பின்னால் கேன் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டே வந்தன.

மதியம் குளித்துவிட்டு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். கத்தரிக்கோலால் மணிக்கட்டுப் பட்டையை வெட்டி எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் சூப்பைச் சூடு பண்ணி அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரில் அமர்ந்தார். அவள் கரண்டியை எடுக்கவில்லை.

"என்ன வெயிட்டுக்குப் போட்டீங்க?"

"எதை?"

"என்கிட்ட எதைன்னு கேக்காதீங்க."

"நூத்தி நாலு."

அவள் கோபப்படவில்லை. பஸ் நம்பரைக் கேட்டுக்கொண்டவள் மாதிரி தலையசைத்தாள்.

"நான் தொண்ணூத்தி ரெண்டுன்னு சொன்னேன்."

"நீ எப்பவும் பன்னெண்டு குறைச்சுத்தானே சொல்லுவே..."

"எப்பவும்னா?"

"முதல் போர்டுலேர்ந்து."

"அப்ப ரெண்டாவது போர்டு எவ்வளவுக்கு?"

"நூத்தி ஏழு."

"மூணாவது?"

"அதுவும் அதேதான்."

அவளுக்கு ஒரு சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. "நான் என்னமோ எனக்கு ஓட்ட வந்திருச்சுன்னு நெனச்சு ஊரெல்லாம் பீத்திக்கிட்டிருந்தேன்."

"வந்துச்சு. அது போர்டால இல்லம்மா."

"எட்டு வருஷமா தெரியும். ஒருநாள் வாயைத் திறக்கலை."

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்..."

"எனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு" என்று அவள் திருப்பிச் சொன்னாள். மேசைமேல் கிடந்த பட்டையை விரலால் நேராக்கினாள். "அக்காவை எப்படி வெயிட் பாத்தாங்க தெரியுமா? அவங்களால தனியா நிக்க முடியாது. நான் அவங்களைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தராசுல ஏறணும். நர்ஸ் ரெண்டு பேர் வெயிட்டையும் குறிச்சுக்குவாங்க. அப்புறம் அக்காவைக் கட்டில்ல விட்டுட்டு நான் மட்டும் ஏறணும். அதைக் கழிச்சா அக்கா வெயிட். வாரா வாரம் வெள்ளிக்கிழமை. முதல் வாரம் எனக்கு அவமானமாத்தான் இருந்துச்சு. நூத்தி ஏழுன்னு சத்தமாப் படிச்சாங்க, வார்டே கேட்டுச்சு. அக்கா என் காதுல, 'இத்தனை வருஷம் நான் போட்ட சோறு வீண் போகலடி'ன்னாங்க. அப்புறம் பழகிருச்சு. அவங்க நாப்பத்தி நாலு, நாப்பத்தி ஒண்ணு, முப்பத்தி ஏழு. நான் நூறு, தொண்ணூத்தி ஏழு. ரெண்டு நம்பரையும் காதுல வாங்கிட்டு வீட்டுக்கு வருவேன். நீங்க கொட்டகையில இருப்பீங்க."

சூப்பின் மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"என்ன?"

"போர்டு தப்புன்னு."

"உன் கைப் பட்டையைப் பாத்தப்ப."

"ரேசுக்கு முன்னாடி?"

"ம்."

"வண்டியில கேன் இருந்துச்சே."

அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கதவு வேலை செய்த காலத்தில் அவரே செய்த மேசை. விளிம்பில் ஒரு இடத்தில் சிலாம்பு எழும்பியிருந்தது. அதை நகத்தால் அழுத்தினார். இருந்தது என்று சொல்லலாம். நினைத்தேன், வாய் வரவில்லை என்று சொல்லலாம். டீச்சர் பக்கத்தில் நின்றாள் என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அது தன்னைப் பற்றித்தான் இருக்கும் என்று அவருக்கே பட்டது.

"இத்தனை இளைச்சிருக்கே. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றார் கடைசியில். குரல் அவர் நினைத்ததைவிடக் குறை சொல்வதுபோல ஒலித்தது.

"சொன்னேனே" என்றாள் அவள். "டீயை எடுத்துட்டு வந்து சொன்னேன். சரியாத்தான் சொல்றேன்னும் சொன்னேன். அதுக்கு மேல எப்படிங்க சொல்றது?"

தெருவில் யாரோ ஒரு இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். அவர் பட்டையைப் பார்த்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் கொட்டகையில் அவள் சொன்னது தொண்ணூற்றிரண்டு. இதில் இருப்பது தொண்ணூற்றொன்று, அதுவும் செருப்போடு. அக்கா போய் எத்தனை மாதமாகிறது! வெள்ளிக்கிழமைத் தராசும் எப்போதோ நின்றுபோனது. அவர் வாழ்நாளில் முதல் தடவையாக, எதையும் கூட்டாமல், அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"வெயிட் இன்னும் இறங்கிக்கிட்டே இருக்கா?"

அவள் எழுந்தாள். தொடாத சூப்பைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றி மூடினாள். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு, சமையலறையை விட்டு வெளியே போனாள்.